பட்டுப்புழு மனையில் காளான் வளர்க்கலாமா?

கேள்வி: ஐயா, பெங்களூருக்கு அருகே ஆனேக்கல் பக்கம் இரண்டு ஏக்கர் மல்பெரி, ஒரு ஏக்கர் ராகி, இரண்டு மாடு இருக்கிறது. ராகித்தாளில் சிப்பிக் காளான் வளர்த்துக் காயவைத்துக் கொடுத்தால் மொத்தமும் தானே வாங்கிக்கொள்வதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். வித்து, ரேக், உலர்த்தும் மெஷின் எல்லாம் சேர்த்து ஒன்றே முக்கால் லட்சம். வெள்ளிக்கிழமைக்குள் பாதி கட்ட வேண்டுமாம். இரண்டு பேட்சுக்கு நடுவில் பட்டுப்புழு வளர்க்கும் மனை சும்மா கிடக்கிறது, அதிலேயே வைக்கலாமா? போன இரண்டு பேட்சிலும் சுண்ணாம்புப் புழு நோய் (புழு செத்து வெள்ளையாக இறுகிப்போவது) வந்து கூடு பாதிதான் தேறியது. அதனால்தான் கேட்கிறேன்.

பதில்: தம்பி, வெள்ளிக்கிழமை ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். இந்த மாதிரி ஆட்களுக்கு லாபம் மெஷினிலேயே வந்துவிடும். பிறகு ஈரம் அதிகம், தரம் போதாது என்று மூட்டையைத் திருப்பி அனுப்புவார்கள். பத்து கிலோ பச்சைக் காளான் காய்ந்தால் கிட்டத்தட்ட ஒரு கிலோதான் நிற்கும். சுற்றிலும் அபார்ட்மெண்டுகளை வைத்துக்கொண்டு எதற்காகக் காயவைக்க வேண்டும்? காளான்மேல் ஆசை இருந்தால் ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தில் வித்து வாங்கி, இருபது பை போட்டுப் பழகுங்கள். ஆனால் ராகித்தாளைக் கழிவுக் கணக்கில் எழுதாதீர்கள். நெல் வைக்கோலைவிடச் சத்தான தீவனம் அது, முதலில் உங்கள் மாட்டுக்கு.

புழு மனையில் மட்டும் காளான் கூடவே கூடாது. காளானுக்கு 80 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் வேண்டும், தினமும் தண்ணீர் தெளிப்பீர்கள். சுண்ணாம்புப் புழு நோய்க்கும் அதே ஈரம்தான் தோது.

கடிதத்தின் கடைசியில் எழுதியதைத்தான் நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டும். செத்து வெளுத்த புழுவின் மேல் படிந்திருக்கும் மாவு, பூஞ்சையின் வித்து. இந்த நோய்க்குப் பூஞ்சையே காரணம் என்று இத்தாலியில் அகஸ்தினோ பாசி 1835-லேயே நிரூபித்துவிட்டார். இன்றும் நம் ஆட்கள் புழுப் படுக்கைக் கழிவை, அதாவது தின்று மிஞ்சிய இலையையும் எச்சத்தையும், கூடையில் வாரி, எரு என்று மல்பெரி வரிசைக்கு நடுவே கொட்டுகிறார்கள். அந்த மாவு காற்றில் பறந்து இலையில் ஒட்டி, அடுத்த பேட்சுப் புழுவின் உடம்பிலேயே வந்து படிகிறது. நீங்கள் எங்கே கொட்டுகிறீர்கள்? அதை எழுதவே இல்லை.

செத்த புழுவை வெளுக்கும் முன்பே பொறுக்கி எரித்துவிடுங்கள். மிச்சக் கழிவை மனைக்கும் தோட்டத்துக்கும் தள்ளி ஒரு குழியில், நறுக்கிய மல்பெரிக் குச்சியும் சாணிக் கரைசலும் மாற்றி மாற்றி அடுக்கி, மேலே மண் பூசி மூடுங்கள். உள்ளே கை வைக்க முடியாத அளவுக்குச் சூடு ஏற வேண்டும், அந்தச் சூட்டில்தான் நோய்க்கிருமி சாகும். ஏறவில்லை என்றால் கிளறி ஈரம் பார்த்து மறுபடி மூடுங்கள். பல பேர் அவசரப்பட்டு இந்தக் கட்டத்தைத் தாண்டிவிடுகிறார்கள், அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். சூடு முழுக்க அடங்கிய பிறகு மண்புழு விடுங்கள். மூன்று, நான்கு மாதத்தில் சலித்தால் டீத்தூள் மாதிரி உதிரும். புழுவின் எச்சத்தில் தழைச்சத்து நிறைய இருப்பதால் அது லேசான எரு இல்லை. உங்கள் தோட்டத்துக்குப் போக மிஞ்சியதைச் சின்னப் பைகளில் கட்டினால், பெங்களூரில் மாடித்தோட்டம் போடுகிறவர்கள் தேடி வந்து வாங்குவார்கள். மெஷினும் வேண்டாம், ஏஜென்ட்டும் வேண்டாம்.

அடுத்த முட்டைத் தொகுதி எடுக்கும் முன் மனையையும் தட்டையும் பிளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவுங்கள். மழை, பனி நாட்களில் ஜன்னலைத் திறந்து காற்றோட விடுங்கள், படுக்கையை ஈரமாக விடாதீர்கள். குழி எங்கே வெட்டப்போகிறீர்கள், மனையிலிருந்து எத்தனை அடி என்று எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.