கண்மாய்க்குள் இறங்கும் ஜீப்புக்கு எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்க வேண்டும்?

காரைக்குடிப் பக்கம் பழைய ஃபோர் வீல் ஜீப், மழைக்காலத்தில் கண்மாய்க்குள் இறங்கும் என்கிறீர்கள். அப்படியென்றால் கிலோமீட்டர் கணக்கை ஓரமாக வையுங்கள். அது தார்ரோட்டில் ஓடுகிறவருக்கு. அச்சு முங்கும் தண்ணீரில் இறங்கி ஏறினால், அன்றைக்கோ மறுநாளோ கிரீஸ் அடித்துவிடுங்கள்.

அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டுதான் புரொப்பல்லர் ஷாஃப்ட். அதன் யூஜே கிராஸ்களில், அதாவது சிலுவை வடிவ மூட்டுகளில், கிரீஸ் ஏற்றும் சிறு முனையான நிப்பிள் இருக்கும். முதலில் துணியால் துடையுங்கள். இல்லாவிட்டால் நம்ம ஊர்ச் செம்மண்ணைத்தான் கிரீஸ் கன் வைத்து உள்ளே தள்ளுவீர்கள், அது உப்புத்தாள் மாதிரி அறுக்கும். சிலுவையின் நான்கு முனைகளை மூடியிருக்கும் கப் நான்கிலும் புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை அடிக்கலாம். ஒன்றில் மட்டும் வரவில்லையா, ஷாஃப்டைக் கொஞ்சம் ஆட்டிவிட்டு மறுபடி அடியுங்கள். ஷாஃப்ட் நீண்டு சுருங்கும் இடமான ஸ்லிப் ஜாயிண்டில் மட்டும் கை அடக்கம் வேண்டும்; அதிகமானால் சீல் பிதுங்கும்.

கிரீஸைவிட எனக்குப் பயம், அச்சின் நடுவில் பல்சக்கரங்கள் இருக்கும் டிஃபரன்ஷியல்தான். ஓடிச் சூடான அதன் வெளிக்கூடு (ஹவுசிங்) குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கும். காற்று போய்வரும் துளையான பிரீதர் அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். ஆயில் ஊற்றுகிற மேல் நட்டை முதலில் கழற்றிப் பாருங்கள், பிறகுதான் ஆயிலை வடிக்கிற கீழ் நட்டு. ஒருமுறை நான் தலைகீழாகச் செய்தேன். ஆயில் முழுக்க வடிந்துவிட்டது, மேல் நட்டு துருவேறி அசையவேயில்லை. வண்டி இரண்டு நாள் வாசலில் கிடந்தது, அப்பத்தாளின் பேச்சு தனி.

மழைக்கால வேலை இவ்வளவுதான்; ஏர் ஃபில்டரை மட்டும் கோடையில் அடிக்கடி திறந்து பாருங்கள்.