வாசகர் கேள்வி–பதில்: ஆறில் எத்தனை எதிராளிக்கு?

கேள்வி: ‘மேஜிக்: தி கேதரிங்’ சீட்டாட்டத்தில் என் 6/6 பிராணிக்கு (அடிக்கும் பலம் 6, தாங்கும் பலம் 6) டிராம்பிள், டெத்டச் (அதன் அடி 1 பட்டாலே பிராணி சாகும்) இரண்டும் உண்டு. அது எதிராளியைத் தாக்கப்போனபோது 5/5, 2/2 என இரண்டு பிராணிகளை வைத்துத் தடுத்தார். அவருடைய உயிர்ப்புள்ளியில் எவ்வளவு குறையும்?

பதில்: 4 வரை. டிராம்பிள் இருந்தால், தடுப்பவை ஒவ்வொன்றுக்கும் சாகுமளவு அடியை ஒதுக்கிவிட்டு மிச்சத்தை எதிராளி மேல் இறக்கலாம். டெத்டச் சேர்ந்தால் அந்தச் ‘சாகுமளவு’ வெறும் 1தான். 1+1 போக மீதி 4. டெத்டச் இல்லாவிட்டால் 5+2=7 வேண்டும்; கையில் இருப்பதோ 6, ஒன்றும் மிஞ்சாது.

தகராறு வருவது வேறு இடத்தில். தடுக்கும் பிராணிக்கு ‘இன்டிஸ்ட்ரக்டிபிள்’ இருந்தாலும் 1 ஒதுக்கினால் போதும். அது சாகாது, ஆனால் கணக்கு மாறாது. “சாகாததற்கு எப்படி 1 போதும்?” என்று எதிராளி குதித்தால் விதி உங்கள் பக்கம்.

கேள்வி: ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக் உள்ள 1/1 தடுத்தால்?

பதில்: அது முந்தி அடிக்கும். உங்கள் பிராணி 1 அடி வாங்கியும் நிற்கும்; பிறகு அதற்கு 1, எதிராளிக்கு 5. அந்த 1/1க்கும் டெத்டச் இருந்தால் கதை முடிந்தது: உங்கள் பிராணி திருப்பி அடிக்காமலே கல்லறைக்குப் போகும்.

தடுத்த பிராணியை, அடி விழும் முன் மந்திரச் சீட்டால் அகற்றிவிட்டால்? டிராம்பிள் இருந்தால் 6 முழுவதும் எதிராளிக்கு. இல்லையென்றால் பூஜ்யம், தடுத்த பிராணி போனாலும் தடுப்பு தடுப்புதான்.