மச்சானின் வோக்கி டோக்கி

கேள்வி: என் மகன் கைத்தொலைபேசியில் ஒரு செயலியைப் போட்டுக்கொண்டு அமெரிக்க நகரங்களின் பொலிஸ் ரேடியோவை இரவிரவாகக் கேட்கிறான். எந்தத் தெருவில் களவு, எந்தக் கார் எங்கே போகிறது என்று எல்லாம் வருகிறது. அங்கே அது குற்றமில்லையாம். ஹட்டன், நுவரெலியா பொலிஸார் பேசுவதையும் மக்கள் இப்படிக் கேட்க விட்டால் களவும் குறையும், அவர்களும் ஒழுங்காக வேலை செய்வார்கள் அல்லவா? பொலிஸில் சார்ஜன்டாக இருக்கும் என் மச்சான், "அப்படி விட்டால் ஒரு கள்ளனையும் பிடிக்க முடியாது" என்கிறார். யார் சொல்வது சரி?
எஸ்.ஆர்., மஸ்கெலியா

பதில்: கேட்க விடக்கூடாது என்று மச்சான் சொல்வது பெரும்பாலும் சரி. அதற்கு அவர் சொல்லும் காரணம்தான் பிழை.

முதலில் மகனிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அமெரிக்கப் பொலிஸ் பேசுவதைச் செயலியில் கேட்பது அவன் பாடு. அந்த ருசியில் ரேடியோ அலைகளைத் தேடிப் பிடிக்கும் ஸ்கேனர் ஒன்றைத் தருவித்து நம்மூர் பொலிஸைத் தேட ஆரம்பித்தால் கதை வேறு. பொதுமக்களுக்கென்று அனுப்பப்படாத செய்தியை வேண்டுமென்றே இடைமறித்துக் கேட்பது 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டப்படி இங்கே குற்றம். பிரித்தானியாவிலும் ஏறக்குறைய இதே சட்டம்தான். இந்த விஷயத்தில் அமெரிக்கா ஒரு விதிவிலக்கு.

அந்த விதிவிலக்குக்கு நீண்ட வரலாறு உண்டு. 1928இல் டெட்ரொய்ட் நகரப் பொலிஸ் ரோந்துக் கார்களுக்கு ரேடியோவில் உத்தரவு அனுப்பத் தொடங்கியது. நிலையம் பேசும், காரில் இருப்பவர் கேட்பார், திருப்பிப் பேச வழியில்லை. 1930களில் வீட்டு ரேடியோவின் முள்ளை ஓரத்துக்குத் தள்ளினால் பொலிஸ் குரல் விழும். பல பெட்டிகளின் டயலில் 'பொலிஸ்' என்றே அச்சடித்திருந்தார்கள். வீஜீ என்ற பெயரில் புகழ்பெற்ற நியூயோர்க் புகைப்படக்காரர் 1938இல் தன் காருக்குள் பொலிஸ் ரேடியோ வைத்துக்கொள்ள அனுமதி வாங்கினார். கொலை நடந்த இடத்துக்குச் சில நேரம் பொலிஸுக்கு முன்பே போய் நின்றார். 1986இல் வந்த சட்டம், மறைகுறியாக்கப்படாத, அதாவது பூட்டுப் போடாமல் திறந்தபடி போகிற பொலிஸ் அலையைக் கேட்பது குற்றமில்லை என்று எழுதியே வைத்தது.

ஆனால் அந்தக் கதவும் இப்போது சாத்தப்பட்டு வருகிறது. டென்வர் நகரம் 2019இல் தன் பொலிஸ் ரேடியோவை வெளியார் கேட்க முடியாதபடி மறைகுறியாக்கியது. நியூயோர்க் 2023இல் ஆரம்பித்தது. சிக்காகோ நடுவழி ஒன்று பார்த்தது: 30 நிமிடம் தாமதித்துக் கேட்கலாம். சரி, அது அவர்கள் பிரச்சினை. நம் மலைக்கு வருவோம்.

கள்ளனைப் பிடிக்க முடியாது என்கிறார் மச்சான். அவரிடம் ஒன்று கேளுங்கள். கசிப்பு என்கிற கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவனைப் பிடிக்க ஜீப் தோட்டத்துக்குள் ஏறும்போது, பானையும் அடுப்பும் ஏன் எப்போதும் ஆறிப்போய்க் கிடக்கின்றன? பொகவந்தலாவையில் ஆற்றோரம் திருட்டுத்தனமாக மாணிக்கக்கல் தோண்டுகிறவர்கள், பொலிஸ் வந்து சேர்வதற்குள் எப்படி மண்வெட்டியோடு மறைகிறார்கள்? அவர்களில் யாரிடமும் ஸ்கேனர் இல்லை, வேண்டியவர்களின் தொலைபேசி இலக்கம் இருக்கிறது. அதுவும் இல்லாவிட்டால் கண் இருக்கிறது. நம் தோட்டத்துப் பாதைகள்தான் தெரியுமே: கீழே பிரதான வீதியில் ஜீப் திரும்பியதும் அதன் வெளிச்சம் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் மேல் டிவிஷனுக்குத் தெரியும். அது ஊர்ந்து வந்து சேர்வதற்குள் கசிப்புக்காரன் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டும் போகலாம். பொலிஸின் திட்டம் கசிகிற வழி ரேடியோ அல்ல, அது உள்ளிருந்தே கசிகிறது. காசுள்ளவன் ஏற்கெனவே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான். காது அடைக்கப்பட்டிருப்பது உங்களுக்கும் எனக்கும்தான்.

இன்னொன்று. இந்த வோக்கி டோக்கி அலைகள் நேராகப் போகிறவை, மலையைச் சுற்றி வளைந்து வராது. ஜீப் ஒரு பள்ளத்தாக்குக்குள் இறங்கினால் வெறும் இரைச்சல்தான். அப்புறம் பொறுப்பதிகாரியே பையிலிருந்து தன் கைத்தொலைபேசியை எடுக்கிறார். முக்கியமான பேச்செல்லாம் வட்ஸ்அப்பில் போகிறபோது, ரேடியோவைத் திறந்துவிட்டால் உங்கள் மகனுக்கு மிஞ்சுவது யார் தேநீர் குடிக்கப் போனார், யார் பெற்றோல் அடிக்கப் போனார் என்பதுதான்.

அப்படியானால் திறந்துவிட்டால் என்ன கெட்டுப்போகும்? கெட்டுப்போகும். மச்சான் யோசிக்காத இடம் அதுதான்.

119க்கு ஒரு பெண் அழைக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். புருஷன் குடித்துவிட்டு வந்து அடிக்கிறான், பிள்ளைகள் அலறுகின்றன. அழைப்பு நிலையத்துக்கு வருகிறது, நிலையம் ரேடியோவில் ஜீப்பைக் கூப்பிட்டு இடத்தைச் சொல்கிறது. நியூயோர்க்கில் ஓர் அடுக்குமாடி இலக்கம் காற்றில் போனால் கேட்பவனுக்கு அது வெறும் இலக்கம். இங்கே தோட்டத்தின் பெயர், டிவிஷன், இரட்டை லயம், கோயில் பக்கம் கடைசிக் காம்பரா என்றுதான் வழி சொல்ல முடியும். லயத்து வீட்டுக்கு வேறு விலாசம் ஏது? அவ்வளவு சொன்னதுமே யார், யார் மகள், எந்தக் கொழுந்து மலையில் வேலை என்பது வரை முழுத் தோட்டத்துக்கும் தெரிந்துவிடும். ஜீப் வருவதற்குள் புருஷனுக்கும் தெரியும். மறுநாள் காலை வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்கு அவள் எந்த முகத்தோடு போவாள்? அடுத்த முறை அடி விழும்போது அவள் 119 அழுத்தமாட்டாள். தற்கொலைக்கு முயன்ற பிள்ளை, வன்புணர்வு முறைப்பாடு, புத்தி தடுமாறிய தாத்தா என்று யாரை எடுத்தாலும் இதே கதிதான். கள்ளனைப் பாதுகாப்பதற்காக அல்ல, இவர்களுக்காகத்தான் நேரடியாகக் கேட்க விடக்கூடாது என்கிறேன்.

அரைகுறையாகக் கேட்பதன் ஆபத்தும் உண்டு. 2013 ஏப்ரலில் பொஸ்டன் மரதன் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஆயிரக்கணக்கானோர் பொலிஸ் ரேடியோவைக் கேட்டபடியே இணையத்தில் துப்பறிந்தார்கள். காணாமற்போயிருந்த ஓர் இந்திய வம்சாவளி மாணவனின் பெயர் ரேடியோவில் சொல்லப்பட்டதாக ஒருவர் எழுத, அது காட்டுத்தீயாயிற்று. அப்படி ஒரு பெயர் சொல்லப்பட்டதற்குப் பிற்பாடு தேடியும் ஆதாரம் கிடைக்கவில்லை. அந்த மாணவனுக்குக் குண்டுவெடிப்போடு எந்தத் தொடர்பும் இல்லை, பின்னர் அவன் பிணமாகத்தான் கிடைத்தான். அந்தக் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள்.

நமக்குத் தூரத்து உதாரணமே தேவையில்லை. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பக்கம் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தபோது வதந்தியைத் தடுக்கப் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் முடக்கினார்கள். தன் தளம் அந்த வன்முறைக்குப் பயன்பட்டதற்காக 2020இல் பேஸ்புக் நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. அந்த நாட்களில் பொலிஸ் ரேடியோவும் எல்லோர் கையிலும் இருந்திருந்தால், எங்கே பொலிஸ் இல்லை என்பதைக் கும்பல் முதலில் தெரிந்துகொண்டிருக்கும். ரேடியோவில் போவது சிங்களம், அதுவும் பொலிஸாரின் சுருக்கப் பேச்சு. பாதி விளங்கி மீதியை ஊகித்துக்கொள்கிற காதுகள் நம்மிடம் நிறைய.

இதையெல்லாம் படித்துவிட்டு மச்சான் மீசையை முறுக்கினால், அவருக்கும் இரண்டு விஷயம் வைத்திருக்கிறேன்.

2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் பற்றிய எச்சரிக்கை ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிலிருந்து நம் உளவுத்துறைக்கு வந்துவிட்டது. 17 நாட்கள் அது மேசைக்கு மேசை கடிதமாக நகர்ந்தது. தேவாலயங்களுக்குப் போகவில்லை. 250க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதியை 100 மில்லியன் ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது, முன்னாள் பொலிஸ் மாஅதிபரும் தப்பவில்லை. நம் நாட்டில் பொலிஸ் தகவல் வெளியே கசிந்ததால் செத்தவர்களைவிட, உள்ளேயே பூட்டி வைத்ததால் செத்தவர்கள் அதிகம் என்பது என் கணிப்பு.

மற்றது, டெக்சாஸ் மாநிலத்தின் யுவால்டி. 2022 மே 24 அன்று ஒரு பாடசாலைக்குள் துப்பாக்கிக்காரன் புகுந்து 19 பிள்ளைகளையும் 2 ஆசிரியைகளையும் கொன்றான். வந்து குவிந்த அதிகாரிகள் 376 பேர். அவனைச் சுட்டு வீழ்த்த 77 நிமிடம் எடுத்தார்கள். உடனே செயற்பட்டதாகத்தான் முதலில் சொல்லப்பட்டது. அந்தக் கதையை உடைத்தவை ஒலி, ஒளிப்பதிவுகள். எந்த நிமிடத்தில் யார் என்ன சொன்னார் என்பது பதிவாகியிருந்தது, மறுக்க முடியவில்லை. நேரத்தோடு சேர்ந்த பதிவு இருந்தால் பொய் நெடுநாள் நிற்காது.

ஆகவே மக்களுக்கு வேண்டியது அந்தப் பதிவு. சம்பவம் முடிந்த பிறகு, பாதிக்கப்பட்டவர் பெயரை நீக்கிவிட்டு, கேட்டால் கிடைக்கிற பதிவு. 2022 ஏப்ரல் 19 அன்று ரம்புக்கனையில் எரிபொருள் கேட்டுப் பாதையை மறித்தவர்கள் மேல் சுட்டார்களே, ஒருவர் இறந்தாரே, அதுபோன்ற நாளின் ரேடியோப் பேச்சை நீதிமன்றமும் ஆணைக்குழுக்களும் மட்டுமன்றி மக்களும் கேட்க முடிய வேண்டும். சிக்காகோவின் 30 நிமிடத்தை நான் ஏற்கமாட்டேன். லயத்துப் பெண்ணுக்கு 30 நிமிடமும் 30 நாளும் ஒன்றுதான்.

உடனுக்குடன் மக்களுக்குப் போக வேண்டியது வேறு தகவல். மண்சரிவு, பாதை துண்டிப்பு, காணாமற்போன பிள்ளை. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. அது ஆபத்தான இடம் என்று அதிகாரிகளுக்கு வருடக்கணக்காகத் தெரிந்திருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது பாதையும் தொலைபேசியும் ஒன்றாகச் செத்தன. அந்த மாதிரி இரவில் பொலிஸ் ரேடியோவில் போகிற "இன்ன பாலம் உடைந்தது, இன்ன மலை வெடித்திருக்கிறது" என்பதை அதே நிமிடம் தமிழிலும் சிங்களத்திலும் ஒலிபெருக்கியில் சொன்னால் எந்த விசாரணையும் கெடாது. இதற்கு ஸ்கேனர் வேண்டாம், தமிழ் தெரிந்த ஒரு அதிகாரி போதும். மலையகத்தில் பல நிலையங்களில் அவர்தான் இல்லை. சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்துக்குக் கீழே தமிழில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிற ஊர் இது.

உங்கள் மகனின் ஆர்வத்தை வீணாக்க வேண்டாம். அனுமதிப்பத்திரத்தோடு சொந்தமாக வானொலியில் பேசுகிற அமெச்சூர் வானொலிக்காரர்களுக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு பரீட்சை நடத்துகிறது, எழுதச் சொல்லுங்கள். 2004 சுனாமியில் தொலைபேசி அறுந்த அம்பாந்தோட்டையை வெளியுலகத்தோடு இணைத்தவர்கள் அமெச்சூர் வானொலிக்காரர்கள்தான். அடுத்த மண்சரிவில் மஸ்கெலியாவுக்கு அப்படி ஒருவன் தேவைப்படுவான்.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பொலிஸை ஒழுங்காக வேலை செய்ய வைப்பதுதானே உங்கள் ஆசை? நிலையத்திலிருந்து வெளியே போகிற அதிகாரி தகவல் புத்தகத்தில் அவுட் என்ட்ரி போட வேண்டும், திரும்பி வந்தால் இன் என்ட்ரி. ஜீப்புக்கு அதன் ஓட்டத்தைக் குறித்து வைக்கும் ரனிங் சார்ட் உண்டு. ஆக, நீங்கள் களவுபோன அன்று அழைத்த நேரத்துக்கும் ஜீப் கிளம்பிய நேரத்துக்கும் இடையில் எவ்வளவு போனது என்பது ஏற்கெனவே மையில் எழுதிக் கிடக்கிறது. 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அதைத் தமிழிலேயே எழுதிக் கேளுங்கள், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். குற்ற விசாரணைக்கு இடைஞ்சல் என்று மறுக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஜீப் கிளம்பிய நேரம் எந்த விசாரணையைக் கெடுக்கும் என்று மேன்முறையீட்டில் அவர்கள் விளக்கட்டும். விண்ணப்பத்தைக் கொடுக்கப் போகும்போது மச்சானையும் கூட்டிக்கொண்டு போங்கள், புத்தகம் எந்த அலுமாரியில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும்.