புது எஸ்.எஸ்.டி.யிலும் சி டிரைவ் 111 ஜிபிதானா?

விண்டோஸ் நகல் சரியாகவே எடுக்கப்பட்டிருக்கிறது. மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டாம். 120 ஜிபி வட்டிலிருந்து 500 ஜிபி எஸ்.எஸ்.டி.க்கு விண்டோஸை மாற்றியும் சி டிரைவ் 111 ஜிபியிலேயே நிற்கிறது, அதை நீட்ட உதவும் ‘எக்ஸ்டெண்ட் வால்யூம்’ அழுத்த முடியாதபடி மங்கலாக இருக்கிறது என்கிறீர்கள். பெரும்பாலும் நடுவில் ரெக்கவரி பகுதி (விண்டோஸ் பழுதானால் மீட்க உதவுவது) குறுக்கே உட்கார்ந்திருக்கும். தனக்கு வலப்புறம் ஒட்டியுள்ள காலி இடத்தைத்தான் சி சேர்த்துக்கொள்ளும்.

விண்டோஸிலேயே உள்ள டிஸ்க் மேனேஜ்மென்ட்டின் கீழ்ப்பட்டையைப் பாருங்கள். சி, அடுத்து சில நூறு எம்பி அளவில் ஒரு குட்டித் துண்டு (அதுதான் ரெக்கவரி), அதற்கப்பால் கறுப்புத் தலைப்போடு சுமார் 350 ஜிபி காலி இடம் என்று தெரிந்தால் இதேதான்.

1. பிட்லாக்கர் (விண்டோஸின் வட்டுப் பூட்டு) இருந்தால் அணைத்து, பூட்டு முழுதும் நீங்கும்வரை பொறுத்திருங்கள்.
2. ஷிஃப்ட் விசையை அழுத்தியபடியே ஷட் டவுன் செய்யுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் அரைத் தூக்கத்தில் இருக்கும். வட்டின் பகுதிகளை நகர்த்தவும் நீட்டவும் உதவும் மென்பொருளான ஜிபார்ட்டெட் அதைத் தொட மறுக்கும்.
3. பழைய வட்டைக் கழற்றிவிட்டு, ஜிபார்ட்டெட் உள்ள பென் டிரைவில் பூட் செய்யுங்கள். குட்டித் துண்டை வலது கோடிக்கு நகர்த்தி, சி-யை நீட்டி, ‘அப்ளை’ கொடுங்கள்.

குன்னூர் என்று எழுதியிருந்தீர்கள். நான் கோத்தகிரி. ஐப்பசி மழையில் ஒரு சீகை மரம் கம்பிமேல் சாய்ந்தால் மின்சாரம் எப்போது வரும் என்று உங்களுக்கே தெரியும். நகர்த்தும்போது மின்சாரம் போனால் அந்தப் பகுதி பாழாகலாம். யுபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள். மடிக்கணினி என்றால் பேட்டரி நிறைந்திருக்கட்டும். பழைய வட்டை ஒரு வாரமாவது அழிக்காமல் வைத்திருங்கள்.