டிரக்கின் கூரையை வெட்டலாமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பழைய பிக்கப் டிரக்குகளின் பாடியை மாற்றிக் கட்டுவது பற்றி இம்முறை நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. நான் முப்பத்தைந்து ஆண்டுகளாக டிங்கரிங் பட்டறையில் தகட்டோடு பழகுகிறவன். வெட்டி ஒட்டிப் பார்த்துக் கற்றதையே சொல்கிறேன்.

கேள்வி: என் தந்தை ஓட்டிய 1951ஆம் ஆண்டு செவர்லே பிக்கப் என்னிடம் இருக்கிறது. கூரையை மூன்று அங்குலம் இறக்கினால் வண்டியின் தோரணையே மாறிவிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். படங்களில் பார்க்கும்போது எனக்கும் ஆசையாக இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் இந்த வண்டியில்தான் வேலைக்குப் போகிறேன். வெட்டலாமா?

பதில்: முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். மூன்று அங்குலக் கனமுள்ள பலகையை இருக்கையின் மேல் போட்டு, அதன் மேல் உட்காருங்கள். வண்டியை ஓட்ட வேண்டாம். நின்ற இடத்திலேயே கால் மணி நேரம் உட்கார்ந்து, முன்னால் ஒரு சிக்னல் கம்பம் நிற்பதாக நினைத்து அண்ணாந்து பாருங்கள். கழுத்தை வளைக்காமல் பக்கக் கண்ணாடி வழியே பாருங்கள். கூரை இறங்கியபின் உங்கள் தலைக்கும் தகட்டுக்கும் நடுவே மிஞ்சப்போகும் இடம் இவ்வளவுதான். ஒரு பலகையில் தெரிந்துவிடுகிற விஷயத்தைப் பலர் கூரையை அறுத்த பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

இருக்கையைத் தாழ்த்திக்கொள்ளலாமே என்பார்கள். தாழ்த்தலாம். ஆனால் தாழ உட்காருகிறவன் காலை நீட்டித்தான் ஆக வேண்டும். அதற்கு இருக்கை பின்னால் நகர வேண்டும். உங்கள் வண்டியிலோ இருக்கைக்குப் பின்னால், கேபினுக்குள்ளேயே பெட்ரோல் டேங்க் நிற்கிறது. ஆகவே கூரையில் தொடங்கிய வேலை, டேங்கைப் பெயர்த்து, வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸுக்குக் கீழே கொண்டுபோய் வைப்பது வரை நீளும். எப்படியானாலும் கேபினில் வெல்டிங் பொறி பறப்பதற்கு முன் அந்த டேங்க் வெளியே போயிருக்க வேண்டும். பெட்ரோலை இறைத்துவிட்டோம், டேங்க் காலிதானே என்று யாராவது சொன்னால் அந்த இடத்தில் நிற்காதீர்கள். ஆவி நிறைந்த காலி டேங்க், நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது.

கண்ணாடி விஷயத்தில் உங்களுக்கு யோகம் இருக்கிறது. 1947இல் வந்த அந்த வரிசை வண்டிகளுக்கு முன் கண்ணாடி இரண்டு தட்டையான துண்டுகள், நடுவில் ஒரு பட்டை. தட்டையான லேமினேட்டட் கண்ணாடியை, அதாவது நடுவில் பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டிய கண்ணாடியை, இரு பக்கமும் கீறி வெட்டிவிடலாம். 1955இல் அதே கம்பெனி கொண்டுவந்த புதிய மாடலில் முன் கண்ணாடி இரு ஓரமும் வளைந்து பக்கவாட்டுக்கு ஓடும். அதை வெட்டப் போய் விரிசல் விழாமல் தப்பியவர்கள் குறைவு. சூடாக்கிக் கடினப்படுத்திய டஃபன்ட் கண்ணாடியாக இருந்தால் எந்த வடிவமானாலும் வெட்ட முடியாது, கீறிய நொடியில் பொடிப்பொடியாக உதிரும். ஆகவே உங்கள் பக்கக் கண்ணாடிகளைப் பிற்காலத்தில் யாராவது மாற்றியிருக்கிறார்களா என்று ஓரத்தில் உள்ள முத்திரையைப் படித்துப் பாருங்கள்.

உண்மையான வேலை தூண்களில் இருக்கிறது. கூரையைத் தாங்கும் கேபின் தூண்கள் செங்குத்தாக நிற்பவை அல்ல. முன் தூண் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, பின்சுவர் சற்று முன்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. மேலே போகப் போகக் குறுகும் கூடையை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் மூன்று அங்குல வளையத்தை அறுத்தெடுத்துவிட்டு மேல்பாதியைக் கீழே இறக்கினால் விளிம்பும் விளிம்பும் சேராது. முன் தூண்களை இன்னும் சாய்க்க வேண்டும், அல்லது கூரையைக் குறுக்கே பிளந்து நடுவில் தகடு வைத்து நீட்ட வேண்டும். கதவின் சட்டங்களும் இதே கணக்கில் வெட்டுப்பட்டு அதே கோட்டில் வந்து உட்கார வேண்டும். வெட்டுவதற்கு முன் கேபினுக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் குழாய்களை வைத்து வெல்டிங் செய்து கட்டிவிடாவிட்டால், கூரையைத் தூக்கியதும் கேபின் விரிந்துகொள்ளும். பிறகு எந்தக் கதவும் சாத்தாது.

ஒரு பட்டறையின் தரத்தை அறிய நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. தூணின் உள் தகட்டையும் வெளித் தகட்டையும் ஒரே உயரத்தில் வெட்டுவீர்களா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். இரண்டு வெட்டும் மேலும் கீழுமாக விலகியிருந்தால்தான் ஒரு வெல்டிங் தையல் விழும் இடத்தில் இன்னொரு தகடு முழுசாக நின்று தாங்கும்.

நன்றாக வெட்டிய கூரை அழகு, அதை நான் மறுக்கவே மாட்டேன். நானே வெட்டியிருக்கிறேன், இரவில் பட்டறையைப் பூட்டும் முன் அதைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனதும் உண்டு. ஆனால் நீங்கள் வாரம் இருமுறை வேலைக்கு ஓட்டுகிறீர்கள், அது உங்கள் தந்தையின் வண்டி, அறுத்த தூணைப் பழையபடி ஆக்க முடியாது. உங்களுக்கு நான் வெட்டச் சொல்ல மாட்டேன். உங்கள் கண்ணுக்குப் பிடித்தது தாழ்வான தோரணைதான் என்றால், முன்னும் பின்னும் இரண்டு அங்குலம் வண்டியையே இறக்குங்கள். வண்டியின் முன்னாலும் பின்னாலும் இரும்புப் பட்டைகளை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங். முன்னால் வளைந்த ஆக்சில், பின்னால் ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவே கட்டை என்று போல்ட் முடுக்கிச் செய்யும் வேலை அது. பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம். ஸ்பிரிங் பட்டைகளை உருவி எடுத்து இறக்குவதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள், லோடு தாங்கும் சக்தி அதோடு போய்விடும். இறக்கியபின் ஆக்சில் துள்ளும்போது சேஸிஸில் இடிக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கேபினுக்கும் பின் பாடிக்கும் நடுவே உள்ள இடைவெளி என் கண்ணை உறுத்துகிறது. தகடு வைத்து அடைத்து, மேலே பட்டி என்னும் நிரப்புப் பசையைப் பூசி, முழு வண்டியையும் ஒரே உடல் போல ஆக்கிவிட்டால் என்ன?

பதில்: இந்தத் தவற்றை நான் செய்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒருவர் இதையேதான் கேட்டார். அடைத்தேன், இழைத்தேன், பெயிண்ட் அடித்துக் கொடுத்தேன். வண்டி வெளியே போகும்போது தையல் இருந்த இடம் எங்கே என்று எனக்கே தெரியவில்லை. சில மாதங்களில் கீழ் மூலையில் மயிரிழை போல ஒரு கோடு. பிறகு அது மேலே ஏறியது. கடைசியில் லோடு ஏற்றிய நாட்களில் ஒரு பக்கக் கதவு இறுகிக்கொள்ளத் தொடங்கியது. அவர் கோபப்படவில்லை, எனக்குத்தான் பல நாள் தூக்கம் வரவில்லை.

டிரக்கின் சேஸிஸ் ஏணி போன்றது. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது அது முறுக்கிக்கொள்கிறது. முறுக்கிக்கொள்ள வேண்டும் என்றே அப்படிச் செய்யப்பட்டிருக்கிறது. கேபின் அதன் மேல் தன் பிடிமானங்களில் தனியாக உட்கார்ந்திருக்கிறது, பின் பாடி தன் போல்ட்டுகளில் தனியாக உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் வேறுவேறு பக்கம் சாயும்போது ஒன்றையொன்று தொடாமலிருக்க விட்ட இடம்தான் உங்கள் கண்ணை உறுத்தும் அந்த இடைவெளி.

பெரிய கம்பெனியே இதைச் செய்து பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறது. 1961இல் ஃபோர்டு தன் எஃப் வரிசை பிக்கப்பில் கேபினையும் பின் பாடியையும் ஒன்றாக இணைத்து விற்றது. தகடும் வெல்டிங்கும் மிச்சம், பார்க்கவும் வழவழப்பு. ஆனால் பாரம் ஏற்றினால் உடல் முறுக்கிக் கதவுகள் இறுகுகின்றன என்ற பேச்சு அந்த வண்டியோடேயே ஒட்டிக்கொண்டது. நான்கு சக்கரங்களையும் இன்ஜினே சுழற்றும் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளுக்கு ஃபோர்டு பாடியைத் தனியாகவே வைத்திருந்தது. 1963க்குப் பிறகு எஃப் வரிசையில் இணைந்த பாடி வரவே இல்லை. அத்தனை பொறியாளர்கள் சேர்ந்து புதிதாக வடிவமைத்ததற்கே அந்த நிலை என்றால், தனித்தனியாக இருக்கும்படி செய்த வண்டியில் நாம் தகட்டை ஒட்டுவதைப் பற்றி என்ன சொல்வது?

நம்பிக்கை வராவிட்டால் சமதரையில் வண்டியை நிறுத்தி, இரு பக்கமும் அந்த இடைவெளியை மேலேயும் கீழேயும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பின் ஒரு சக்கரத்தின் கீழ் மட்டும் கனமான கட்டையை வைத்து வண்டியை ஏற்றி மறுபடி அளந்து பாருங்கள். எண்கள் மாறியிருக்கும். அந்த மாற்றம்தான் பட்டியைப் பிளக்கும்.

கண்ணை உறுத்துவது பெரும்பாலும் இடைவெளி அல்ல, அது கோணலாக இருப்பது. பிடிமான ரப்பர்கள் நசுங்கிக் கேபின் ஒரு பக்கம் இறங்கியிருக்கும். அவற்றை மாற்றி, பின் பாடியின் போல்ட்டுகளைத் தளர்த்தி, மேலிருந்து கீழ்வரை ஒரே அகலம் வரும்படி நகர்த்தி முடுக்குங்கள். இடைவெளிக்குள் தெரியும் சேஸிஸையும் கேபினின் பின்சுவரையும் பளபளப்பில்லாத கறுப்பில் அடித்துவிடுங்கள். நிழல் போல ஒதுங்கிவிடும்.

கேள்வி: கதவுக் கைப்பிடிகளை எடுத்து, துளையை அடைத்து, பொத்தான் அழுத்தினால் திறக்கும்படி செய்ய நினைக்கிறேன். கதவுக்கு மேல் ஓடும் மழைநீர் விளிம்பையும் சேர்த்து எடுத்துவிடலாம் என்று பட்டறையில் சொல்கிறார்கள்.

பதில்: கைப்பிடி இல்லாத கதவைத் திறப்பது மின்சாரம். பேட்டரி படுத்துவிட்டால் நீங்கள் வெளியே, சாவி கையில், கதவு சாத்தியபடி. செய்தே தீருவேன் என்றால், வெளியிலிருந்து கைக்கு எட்டும் மறைவான இடத்துக்கு ஒரு இழுகம்பியைக் கொண்டுவந்து விடுங்கள். வெளிப் பேட்டரியை இணைக்க இரண்டு முனைகளையும் விடுங்கள். ஆனால் விபத்து நடந்த இடத்தில் ஓடிவந்து கதவைத் திறக்க முயலும் வழிப்போக்கருக்கு உங்கள் மறைவான கம்பி தெரியாது. இந்த ஒரு காரணத்துக்காக நான் இந்த வேலையை எடுப்பதில்லை.

மழைநீர் விளிம்பு வேறு கதை. அது தண்ணீரைத் திருப்பிவிடும் வாய்க்கால் மட்டுமல்ல. கூரைத் தகடும் உள்சட்டமும் சேர்ந்து புள்ளி வெல்டிங்கால் கடிக்கப்பட்ட தையல் அது. சும்மா சீவிவிட்டால் கூரையைப் பிடித்திருப்பதையே சீவுகிறீர்கள். ஒரு அங்குலம் வெட்டி, அங்கங்கே புள்ளி வைத்து, சூடு ஆறவிட்டு, பிறகு அடுத்த அங்குலம் என்று பொறுமையாக முழு நீளமும் வெல்டிங் செய்ய வேண்டும். அப்படிச் செய்தாலும் மழை நாளில் கதவைத் திறந்தால் கூரைத் தண்ணீர் உங்கள் தோளில்தான் இறங்கும்.

கேள்வி: துருப்பிடித்த பின் மட்கார்டுகளுக்குப் பதிலாக அகலமான ஃபைபர் மட்கார்டு போடலாமா?

பதில்: போடலாம். செவர்லே 1955இல் கொண்டுவந்த கேமியோ கேரியர் பிக்கப்பின் பின் பக்கங்களே ஃபைபர்தான். துரு பிடிக்காது, எடை குறைவு, பிடிக்காவிட்டால் போல்ட்டைக் கழற்றி எடுத்துவிடலாம். போல்ட் துளையைச் சுற்றி அகலமான வாஷரும் ரப்பரும் கொடுங்கள், இல்லாவிட்டால் அங்கிருந்துதான் நட்சத்திரம் போல விரிசல் கிளம்பும். மட்கார்டின் மேல் கால் வைத்து ஏறும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பலர் மறப்பது இன்னொன்று: ஃபைபரில் மின்சாரம் ஓடாது. மட்கார்டில் விளக்கு இருந்தால் அதற்குச் சேஸிஸிலிருந்து தனி எர்த் வயர் இழுங்கள். புது மட்கார்டு போட்டபின் விளக்கு எரியவில்லை என்று வந்த வண்டிகளில் முக்கால்வாசிக்குக் காரணம் இதுதான்.

கேள்வி: பட்டி எவ்வளவு கனம் வரை பூசலாம்?

பதில்: மூன்று மில்லிமீட்டருக்குள் நிறுத்துங்கள். அதற்கு மேல் தேவைப்பட்டால் தகட்டைத் தட்டுவது முடியவில்லை என்று பொருள். துளையைப் பட்டியால் அடைக்கவே கூடாது. பின்பக்கத்திலிருந்து ஈரம் குடித்து உப்பிவிடும். வாங்கப்போகும் வண்டியானால் மெல்லிய துணி சுற்றிய காந்தத்தைப் பாடியின் கீழ்ப்பகுதி முழுக்க ஓட்டிப் பாருங்கள், பட்டி கனமாக இருக்கும் இடத்தில் அது ஒட்டாது.

கேள்வி: என் தாத்தா பாரம் ஏற்றி ஏற்றி எங்கள் டிரக்கின் பின் கதவு முழுக்கச் சொட்டையாக இருக்கிறது. பட்டறையில் அதை எடுத்துவிட்டு, சங்கிலி, கொக்கி எதுவும் தெரியாத வழவழப்பான கதவு போடச் சொல்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. நான் செடித் தொட்டிகளை ஏற்றிச் செல்கிறேன். என்ன செய்ய?

பதில்: அம்மா, உங்கள் மனம் சொல்வதே சரி. சங்கிலி தெரியாத கதவை உள்ளிருக்கும் சிறு தாழ்ப்பாள்கள் மூடித்தான் வைக்கும். திறந்து கிடையாக நிற்கும்போது அதன் மேல் பாரம் வைக்க முடியாது. நீங்கள் தொட்டிகளை முதலில் இறக்கிவைப்பதே அந்தத் திறந்த கதவின் மேல்தானே? சொட்டைகளில் கதவு சாத்துவதைத் தடுப்பவற்றை மட்டும் தட்டி நிமிர்த்தச் சொல்லுங்கள், மற்றவை இருக்கட்டும். கீழ் விளிம்பின் மடிப்புக்குள் மண் அடைந்திருக்கும். அதைக் கிளறி எடுத்து, காயவைத்து, துரு தடுக்கும் பிரைமரை உள்ளே ஓடவிடச் சொல்லுங்கள். சங்கிலியின் கொக்கிகள் மாட்டும் ரிவெட்டுகளையும் பாருங்கள். தலை தேய்ந்திருந்தால் இந்த வாரமே மாற்றிவிடுங்கள்.