கண்மாய்ச் செடிகள் ஏன் கறுத்தன?

அன்புள்ள ஐயா,

தேவகோட்டைப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். கார்த்திகையில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஊர்க் கண்மாயிலும் ஊருணிக் கரையிலும் அறுபது செடிகள் சேகரித்தோம். பழைய நோட்டுகளுக்குள் வைத்து, மேலே கல் ஏற்றி, வேப்பிலையும் பாச்சை உருண்டையும் போட்டு டிரங்குப் பெட்டியில் பூட்டினோம். பதினைந்து நாள் கழித்துத் திறந்தால் பாதி கறுத்துக் கிடக்கிறது, மீதியில் பூசணம். பிரண்டை மட்டும் நோட்டுக்குள்ளேயே துளிர்விட்டிருக்கிறது. செல்போனில் படம் எடுத்தால் போதாதா என்கிறார் உடன் வேலை பார்க்கும் ஆசிரியர். அவர் சொல்வது சரியா? இந்த அறுபதையும் எறிந்துவிடலாமா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

இப்போதைக்கு எதையும் எறியாதீர்கள். ஏன் கறுத்தது என்று தெரிந்துவிட்டால் எதை எறியலாம் என்பதும் தெரிந்துவிடும்.

பறித்த செடி உடனே சாவதில்லை. ஈரம் இருக்கும்வரை இலையின் செல்கள் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். அவை மெல்ல மெல்ல இறந்து உடையும்போது, தனித்தனி அறைகளில் இருந்த நொதிகளும் பீனால் சேர்மங்களும் ஒன்றோடொன்று கலந்து, காற்றுப் பட்டுக் கறுக்கின்றன. நறுக்கி வைத்த வாழைக்காய் கறுப்பதும் இப்படித்தான். செல்கள் உடைந்து கலப்பதற்குள் ஈரத்தை வெளியே எடுத்துவிட வேண்டும். உலர்தாவரம், அதாவது அழுத்திக் காயவைத்துப் பாதுகாக்கும் செடி, செய்வதில் கைத்திறன் என்று இருப்பது அவ்வளவுதான். உங்கள் நோட்டில் ஈரம் வெளியேற வழியே இல்லை. அடைமழை மாதம், மூடிய நோட்டு, அதற்கு மேல் மூடிய இரும்புப் பெட்டி. பச்சை வேப்பிலை தன் பங்குக்கு ஈரம் சேர்த்திருக்கும். பாச்சை உருண்டை பூச்சியை விரட்டும், பூசணத்துக்கு அது மருந்தல்ல. பிள்ளைகள் புழங்கும் பெட்டியில் அது வேண்டவும் வேண்டாம்.

ரீப்பர் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடித்து 45 × 30 செ.மீ. அளவில் இரண்டு சட்டங்கள் செய்யச் சொல்லுங்கள். எந்த ஆசாரியும் அரை நாளில் முடித்துவிடுவார். செய்தித்தாள் மடிப்புக்குள் ஒரு செடி, அதன் இருபுறமும் உறிஞ்சுதாள், அடுத்து நெளி அட்டை. மளிகைக் கடை அட்டைப்பெட்டியை வெட்டிக்கொள்ளலாம். அட்டையின் நெளிவுக் குழாய்கள் எல்லாம் ஒரே திசையில் இருக்க வேண்டும், காற்று போகும் பாதை அதுதான். ஒரு இலையையாவது திருப்பி வைத்து அடிப்பக்கம் தெரியச் செய்யுங்கள். பிறகு சட்டத்தை வாரால் இறுக்கிக் கட்டுங்கள். காய்ந்து சுருங்கச் சுருங்கக் கட்டு தளரும், தினமும் இறுக்காவிட்டால் இலை சுருண்டுவிடும்.

முதல் நாலு நாளும் தினம் ஒருமுறை தாள் மாற்றுங்கள், பிறகு இரண்டு நாளுக்கு ஒருமுறை. செடி இருக்கும் செய்தித்தாளைத் தொட வேண்டாம், உறிஞ்சுதாளை மட்டும் மாற்றினால் போதும். பத்து நாளில் காய்ந்துவிடும். எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள்: சில்லென்று பட்டால் இன்னும் ஈரம் இருக்கிறது. மழைக்காலத்தில் இதெல்லாம் போதாது, சூடு வேண்டும். மேல்பக்கம் திறந்த மரப்பெட்டிக்குள் 60 வாட் குண்டு பல்பு இரண்டைப் பொருத்தி, பல்புக்கு மேல் ஒரு முழமாவது விட்டு, அட்டைக் குழாய்கள் மேல்நோக்கி நிற்கும்படி கட்டிய சட்டத்தை நிறுத்துங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது, அதில் போதிய சூடு வராது. வெப்பம் 45 டிகிரி அளவில் இருக்கட்டும். மிஞ்சினால் இலை நொறுங்கும், டிஎன்ஏவும் சிதையும். ஆள் இல்லாத அறையில் எரியவிட்டுப் போகாதீர்கள்.

பிரண்டை, கள்ளி போன்ற சதைச் செடிகள் கட்டுக்குள்ளும் உயிரோடிருக்கும். பூவை விட்டுவிட்டுத் தண்டையும் இலையையும் கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் முக்கி எடுங்கள், அல்லது தண்டை நீளவாக்கில் பிளந்து உட்சதையை வழித்துவிடுங்கள். கொட்டிக்கிழங்கையும் நெடுக்காகப் பாதியாக வெட்ட வேண்டும். வேலம்பாசி மாதிரி நீருக்குள் வாழ்பவை வெளியே எடுத்ததும் நூலாகத் துவண்டு ஒட்டிக்கொள்ளும். அகலத் தட்டில் நீர் விட்டு மிதக்கவிட்டு, அடியில் வெள்ளைத்தாளைச் செருகி, செடி விரிந்த நிலையிலேயே மெல்லத் தூக்குங்கள். மேலே மல் துணி போட்டு அழுத்தினால் உறிஞ்சுதாளில் ஒட்டாது.

குறிப்புச்சீட்டு இல்லாவிட்டால் எவ்வளவு அழகாகக் காய்ந்த செடியும் ஆய்வுக்கு வெறும் சருகு. 'பெரிய கண்மாய்' என்று மட்டும் எழுதினால் எதுவும் விளங்காது, உங்கள் பக்கத்தில் ஊருக்கு ஒரு பெரிய கண்மாய் இருக்கும். ஊர், வட்டம், மாவட்டம், கரைமேலா, நீர் நிற்கும் உள்வாயிலா, மடையடியிலா, மிகைநீர் வழியும் கலுங்குப் பக்கமா, நீரின் ஆழம், மண், தேதி, சேகரித்தவர் பெயர், வரிசை எண். செல்போனில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் நாலு தசம இலக்கம் வரை எடுத்துக்கொள்ளுங்கள், பத்துப் பதினோரு மீட்டருக்குள் இடம் சிக்கிவிடும். காய்ந்தால் மறைபவற்றைக் களத்திலேயே எழுதிவிட வேண்டும்: பூவின் நிறம், மணம், ஒடித்தால் பால் வருகிறதா, எத்தனை அடி உயரம். பென்சிலால் எழுதுங்கள். பால்பாயிண்ட் மை மங்கிவிடும். பெயர் தெரியாவிட்டால் அந்த இடம் காலியாக இருக்கட்டும். பெயரை நூறு வருடம் கழித்தும் கண்டுபிடிக்கலாம், இடத்தையும் தேதியையும் கண்டுபிடிக்க முடியாது.

இனி, படம் போதுமா என்ற கேள்வி. படம் வேண்டும், நிறமும் செடி நிற்கும் தோரணையும் அதில்தான் இருக்கும். ஆனால் உள்வாயில் முளைக்கும் கோரைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். முற்றிய விதையைப் பத்து மடங்கு லென்சில் பார்க்காமல் பலவற்றைப் பிரித்துச் சொல்ல முடியாது. படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் விதையின் மறுபக்கம் தெரியாது. சேகரித்தவர் நினைத்தே பார்க்காத கேள்விகளுக்கும் உலர்ந்த செடி பதில் சொல்லும். 1987இல் தாவரவியலாளர் இயன் உட்வர்ட் பழைய உலர்தாவரங்களில், இலை மூச்சு விடும் நுண்துளைகளை எண்ணி, இருநூறு ஆண்டுகளில் காற்றில் கரியமில வாயு கூடக் கூடத் துளைகளின் அடர்த்தி குறைந்து வந்திருப்பதைக் காட்டினார். அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குக் காரணமான நுண்ணுயிரி எந்த வகை என்பதை, 19ஆம் நூற்றாண்டில் காயவைத்த இலைகளின் டிஎன்ஏவிலிருந்து 2013இல் பிரித்தறிந்தார்கள். சீமைக்கருவேலம் அடைத்துக்கொண்ட ஒரு கண்மாயில் முன்பு என்னென்ன முளைத்தன என்று நாளை ஒருவர் கேட்டால், காட்டுவதற்கு இப்படி ஒரு தாள் வேண்டும்.

ஒட்டுவதற்கு 28 × 42 செ.மீ. கெட்டித்தாள், அமிலமற்றதாகக் கிடைத்தால் நல்லது. ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசையை மெல்லியதாகத் தடவுங்கள், தடித்த தண்டை நூலால் தைத்துவிடுங்கள். செல்லோடேப் வேண்டாம், சில வருடத்தில் மஞ்சளாகிப் பிசின் கசியும். வெறும் மைதாப் பசை இராமபாணப் பூச்சிக்கு விருந்து. உதிர்ந்த விதைகளை ஒரு சிறு உறையிலிட்டு அதே தாளில் ஒட்டுங்கள்.

மெர்க்குரிக் குளோரைடு கரைசலில் முக்கி எடுக்கச் சொல்லும் பழைய பாடப்புத்தகங்கள் உண்டு. பள்ளியில் அதைத் தொடவே கூடாது, கடும் நஞ்சு. காய்ந்த தாள்களைப் பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரியோ அதற்குக் கீழோ உள்ள ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். மல்லித்தூளில் விழுமே, அந்தப் பழுப்பு வண்டு, அதன் முட்டைகூட மிஞ்சாது. வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் விட்டுவிடுங்கள். உடனே பிரித்தால் காற்றின் ஈரம் குளிர்ந்த செடிமேல் வியர்த்து, பழையபடி பூசணம் பிடிக்கும்.

உங்கள் அறுபதில், இடமும் தேதியும் எழுதி வைத்தவை கறுத்திருந்தாலும் காயும் விதையும் பார்க்க உதவும். பூசணம் பிடித்தவற்றை வெட்டவெளியில் வைத்து, ஸ்பிரிட் தொட்ட மென்தூரிகையால் துடையுங்கள். முகக்கவசம் போட்டு நீங்களே செய்யுங்கள், பிள்ளைகளிடம் விடாதீர்கள். குறிப்பு இல்லாதவற்றை எறிந்துவிடலாம்.

அடுத்த முறை ஒவ்வொன்றிலும் பூவோ காயோ உள்ள மூன்று கிளைகள் எடுங்கள், மூன்றுக்கும் ஒரே எண். ஒன்று பள்ளிக்கு. ஒன்றைத் திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967இல் தொடங்கிய ராபினாட் ஹெர்பேரியம் என்ற உலர்தாவரச் சேகரிப்பகத்துக்கோ, கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்துக்கோ முன்கூட்டியே கடிதம் எழுதிக் கேட்டு அனுப்புங்கள். மூன்றாவது, கேடு வந்தால் ஈடு. வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் ஒரு இலையும் பறிக்கக் கூடாது. அய்யனார் கோவில் காடுகளில் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒடிக்கக் கூடாது என்றால் படத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தை, மாசியில் நீர் இறங்க இறங்கக் கண்மாய் உள்வாயில் வாரத்துக்கு ஒரு செடி புதிதாகத் தலைகாட்டும். மழையும் இருக்காது, தாளும் சீக்கிரம் காயும். அப்போது கலுங்குப் பக்கமிருந்து தொடங்குங்கள்.