பதில்: படகில் டி2 கத்தி துருப்பிடிக்கிறது

வணக்கம். டி2 எஃகில் செய்த கத்தியை ராத்திரி துடைத்துத் தோலுறையில் வைத்தாலும் காலையில் புள்ளி புள்ளியாகத் துரு, கயிறும் வலையும் அறுக்க வேறு எது வாங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள்.

டி2-வில் துருவைத் தடுக்கும் குரோமியம் 12 சதவீதம் இருக்கிறது, ஆனால் கார்பனும் 1.5 சதவீதம். குரோமியத்தில் கணிசமான பங்கு கார்பனோடு சேர்ந்து கார்பைடாகப் போய்விடும். மிச்சம் உப்புத் தண்ணீருக்குத் தாங்காது.

என் தேர்வு எல்சி200என் என்ற எஃகு. கார்பன் 0.3 சதவீதம்தான், கடினத்துக்கு நைட்ரஜன் துணை நிற்கிறது, குரோமியம் 15. கடினம் ராக்வெல் அளவில் 58 வாக்கில் இருக்கும். எச்1 என்ற எஃகு துருவுக்கு அசையவே அசையாது, ஆனால் கூர் சீக்கிரம் மழுங்கும். கயிறு மட்டும்தான் என்றால் அதில் பல் வைத்ததாக எடுங்கள். மேக்னாகட் எஃகில் கூர் நிற்கும், விலைதான் கடிக்கும். 316 எஃகுக் கத்தி என்று யாராவது நீட்டினால் வேண்டாம், அந்த எஃகை வெப்பமூட்டிக் கடினமாக்க முடியாது.

முதுகு 3 முதல் 4 மி.மீ., சாணைக் கோணம் பக்கத்துக்கு 20 பாகை. நெம்புவதற்குத் தனியாகக் கம்பி வைத்துக்கொள்ளுங்கள். கருப்புப் பூச்சை நம்பாதீர்கள், முதல் தீட்டலிலேயே கூரோரத்தில் போய்விடும். சொரசொரப்பான அலகில் உப்பு தங்கும், பளபளப்பானதே மேல்.

தோலுறையை முதலில் தூக்கிப் போடுங்கள். அது உப்பையும் ஈரத்தையும் அலகோடு ஒட்டவைக்கிறது, துடைத்தும் துரு வர அதுவும் காரணம். அடியில் ஓட்டையுள்ள பிளாஸ்டிக் உறை போதும். கத்தியோடு அதையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். மடக்குக் கத்தி என்றால் திருகும் ஸ்பிரிங்கும் என்ன எஃகு என்று கேட்டு வாங்குங்கள்.